ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் ஆர்.வி. முகாம்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் வாழும் நம் வாசகர்களில் பலர், உள்ளேயே படுத்து உறங்கும் வசதியுள்ள ஆர்.வி. வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நீர்நிலைகளின் கரையில் குடும்பத்தோடு தங்கி, மீன் பிடிப்பதும் படகு விடுவதுமாக விடுமுறையைக் கழிக்க விரும்புகிறார்கள். இது குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: எங்களுக்கு இதுதான் முதல் ஆர்.வி. பயணம். வயதான பெற்றோரும் இரண்டு சிறு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். ஆற்றங்கரையில் இடம் பிடிப்பதா, ஏரிக்கரையில் பிடிப்பதா? (வாசகர், டல்லாஸ்)

பதில்: முதல் பயணத்துக்கு ஏரிக்கரையையே தேர்ந்தெடுங்கள். வண்டி எத்தனை அடி நீளம், உள்ளே எத்தனை படுக்கைகள் என்பதையெல்லாம் பல வாரங்கள் ஆராயும் குடும்பங்கள்கூட, எந்தத் தண்ணீரின் ஓரத்தில் உறங்கப் போகிறோம், அந்தத் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறக்கூடியது என்பதை விசாரிப்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நீங்கள் பார்க்கப்போகும் ஏரிகளில் பெரும்பாலானவை அணை கட்டி உருவாக்கப்பட்டவை. அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை மட்டுமே 43 மாநிலங்களில் 400-க்கும் மேற்பட்ட ஏரிகளையும் ஆற்றுத் திட்டங்களையும் பராமரிக்கிறது. அவற்றின் முகாம்களில் பல, மின் இணைப்பு, படகு இறக்கும் சரிவு, கழிவு வெளியேற்றும் நிலையம் ஆகியவற்றோடு தண்ணீரை ஒட்டியே அமைந்திருக்கின்றன. பெருமழைக்குப் பின் இந்த ஏரிகளும் நிரம்பும். தாழ்வான தளங்கள் மூழ்கி, முகாமின் ஒரு பகுதியை மூடுவதும் உண்டு. ஆனால் பெரிய ஏரியின் மட்டம் பொதுவாக மெல்ல ஏறுவதால், வண்டியை மேட்டுக்கு நகர்த்த உங்களுக்கு அவகாசம் இருக்கும்.

மலைப்பாங்கான பகுதியின் ஆறுகள் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. 2010 ஜூன் 11 அன்று, விடிவதற்கு முன், ஆர்கன்சாவின் ஆல்பர்ட் பைக் முகாமில் லிட்டில் மிசௌரி ஆறு சில மணி நேரத்துக்குள் 20 அடிக்கு மேல் உயர்ந்து, அங்கே உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 20 பேர் உயிரிழந்தார்கள். உங்கள் டெக்சாஸ் மாநிலத்திலேயே 2025 ஜூலை 4 அதிகாலையில் குவாடலூப்பே ஆறு ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் 26 அடி ஏறியது. அந்த ஆறு ஓடும் கெர் வட்டாரத்தில் (கவுண்டியில்) மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், ஆற்றோர ஆர்.வி. முகாம்களில் தங்கியிருந்தவர்களும் அவர்களில் அடங்குவர். இரண்டு நிகழ்விலும் வெள்ளம் வந்தது ஆட்கள் ஆழ்ந்து உறங்கும் நேரத்தில் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே ஆற்றங்கரைக்கே போவதாக இருந்தால், போய்ச் சேர்ந்ததும் வெளிச்சம் இருக்கும்போதே சில விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். மரங்களின் கிளைகளில் சருகும் குப்பையும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று பாருங்கள், முந்தைய வெள்ளம் அந்த உயரம் வரை வந்திருக்கிறது என்று பொருள். முகாமிலிருந்து வெளியேறும் சாலை ஓடையைக் கடக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் ஆறு ஏறும்போது முதலில் மூழ்குவது அந்தச் சாலையாகத்தான் இருக்கும். நடந்தே ஏறக்கூடிய மேடு எது என்பதைப் பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள். கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத பள்ளத்தாக்குகள் பல இருப்பதால், வானிலை எச்சரிக்கை வந்ததும் தானாக ஒலிக்கும் என்.ஓ.ஏ.ஏ. (அரசின் வானிலை அமைப்பு) வானொலிப் பெட்டி ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும். எச்சரிக்கை வந்துவிட்டால் மின் கம்பியைக் கழற்றி, படிகளை மடக்கி, வண்டியைக் கிளப்பலாம் என்று நேரத்தைச் செலவழிக்காதீர்கள். வண்டியை விட்டுவிட்டு ஆட்களை மட்டும் மேட்டுக்கு ஏற்றுங்கள். ஓடும் வெள்ளம் இரண்டு அடி ஆழம் இருந்தாலே பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும்.

டல்லாஸிலிருந்து வடக்கே, ஓக்லஹோமா எல்லையில் உள்ள டெக்ஸோமா ஏரி உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். ஸ்ட்ரைப்டு பாஸ் மீனுக்குப் பெயர் பெற்ற அந்த ஏரியின் இரு கரைகளிலும் பொறியாளர் படையின் முகாம்கள் இருக்கின்றன. கூட்டாட்சி அரசின் முகாம்களை ரெக்ரியேஷன்.கவ் (Recreation.gov) இணையதளத்தில் பதிவு செய்யலாம். பெரும்பாலான இடங்கள் 6 மாதங்களுக்கு முன்பே திறக்கப்படுகின்றன, கரையோரத் தளங்கள்தான் முதலில் தீரும்.

கேள்வி: அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் டிரௌட் மீன் நன்றாகக் கிடைக்கும் என்கிறார்கள். ஆனால் அங்கே, மழை இல்லாவிட்டாலும் தண்ணீர் திடீரென்று உயரும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அது எப்படி? (வாசகி, அட்லாண்டா)

பதில்: டிரௌட் கிடைப்பதற்கும் தண்ணீர் திடீரென்று உயர்வதற்கும் காரணம் ஒன்றே. ஆழமான ஏரியில் அடிமட்டத்து நீர் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். மின் உற்பத்திக்காக அணையின் கீழ்ப்பகுதியிலிருந்து அந்த நீரைத் திறந்துவிடுவதால், வெப்பமான தென் மாநிலங்களிலும் அணைக்குக் கீழே பல மைல் தூரத்துக்கு ஆறு சில்லென்று ஓடுகிறது. குளிர்நீரில் மட்டுமே வாழும் டிரௌட் அங்கே பிழைத்துக்கொள்கிறது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள லேனியர் ஏரியின் பியூஃபோர்ட் அணைக்குக் கீழே சட்டஹூச்சி ஆறு அப்படிப்பட்டது. ஆர்கன்சாவில் புல் ஷோல்ஸ் அணைக்குக் கீழே ஓடும் ஒயிட் ஆறும் அவ்வாறே. அங்குள்ள மாநிலப் பூங்காவில் ஆர்.வி. தளங்கள் ஆற்றை ஒட்டியே இருப்பதால், காலையில் கதவைத் திறந்து இறங்கியதும் தூண்டிலை வீசலாம்.

மின் தேவை கூடும் நேரத்தில் டர்பைன்களை இயக்கினால், முழங்கால் அளவு ஓடிய ஆறு சிறிது நேரத்தில் ஆளை இழுக்கும் ஆறாக மாறிவிடும். நீர் திறப்பதற்கு முன் அணையில் சங்கு ஊதுவார்கள். ஆனால் தள்ளி நிற்பவருக்கு ஆற்றின் இரைச்சலில் அது கேட்காமல் போகலாம். புறப்படும் முன் அன்றைய நீர் திறப்பு அட்டவணையைத் தொலைபேசியிலோ இணையத்திலோ பார்த்துவிடுங்கள். ஆற்றில் இறங்கி நிற்கும்போது, கரையோரத்தில் தண்ணீருக்கு வெளியே தெரியும் ஒரு கல்லைக் குறித்துக்கொண்டு அவ்வப்போது பாருங்கள். அந்தக் கல் நனையத் தொடங்கினாலோ, தெளிந்த நீரில் சருகுகள் மிதந்து வரத் தொடங்கினாலோ, மீன் தூண்டிலில் இருந்தாலும் தூண்டில் நரம்பை அறுத்துவிட்டுக் கரையேறிவிட வேண்டும். நீர் கடுங்குளிர்ச்சியாக இருப்பதால் நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் கை கால் விரைவில் மரத்துப்போகும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் அந்த ஆற்றில் இறங்குவதை நான் ஒருபோதும் சரியென்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: சென்ற ஆண்டு முகாமில் ஏ.சி. ஓடும்போது மின்சாரக் கெட்டிலைப் போட்டால் உடனே மின்சாரம் நின்றுவிட்டது. வண்டியில் கோளாறா? (வாசகர், எடிசன்)

பதில்: கோளாறு அல்ல, கணக்கு. உங்கள் இணைப்பு 30 ஆம்ப் என்றால், 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட் வரைதான் எடுக்க முடியும். ஏ.சி. ஏறத்தாழ 1,500 வாட், கெட்டில் 1,500 வாட். பலர் மறந்துவிடுவது, வண்டியின் வெந்நீர்க் கலனும் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் என்பது; அது ஏறத்தாழ 1,400 வாட் எடுக்கும். வெந்நீரையும் குளிர்பெட்டியையும் புரொப்பேன் வாயுவுக்கு மாற்றிவிட்டால் நிலைமை சரியாகும். 50 ஆம்ப் இணைப்பு இரண்டு கம்பிகளில் தனித்தனியே 50 ஆம்ப் தருவதால் 12,000 வாட் வரை தாங்கும், ஆனால் வாடகைக்குக் கிடைக்கும் சிறிய, நடுத்தர வண்டிகள் பெரும்பாலும் 30 ஆம்ப் வகையே.

வெயில் கடுமையான பிற்பகலில், முகாமில் உள்ள எல்லா வண்டிகளிலும் ஏ.சி. ஓடும்போது மின்னழுத்தம் இறங்கும், அது ஏ.சி.யின் கம்ப்ரஸரைக் கெடுக்கக்கூடியது. குறைந்த மின்னழுத்தத்தில் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி ஒன்றை முகாமின் மின்கம்பத்துக்கும் வண்டிக்கும் இடையே பொருத்துவது நல்லது. கம்பத்தில் உள்ள பிரேக்கரை அணைத்துவிட்டுச் செருகுங்கள், பிறகு போடுங்கள். கழற்றும்போதும் முதலில் பிரேக்கரை அணையுங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பாவுக்குத் தூண்டில் போடுவதில் மிகுந்த ஆர்வம். சுற்றுலா விசாவில் இருப்பவருக்கு உரிமம் தருவார்களா? மூத்தவர்களுக்கு முகாம் கட்டணத்தில் சலுகை உண்டா? (வாசகி, ஹூஸ்டன்)

பதில்: உரிமம் வாங்கலாம். மீன்பிடி உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வழங்குகிறது. சுற்றுலா வந்தவர், அம்மாநிலத்தில் வசிக்காதவருக்கான உரிமத்தை எடுக்க வேண்டும், ஒரு நாள் உரிமமும் கிடைக்கும். வயதைக் காட்டி விலக்குப் பெறும் விதிகள் பெரும்பாலும் அந்த மாநிலவாசிகளுக்கே உரியவை என்பதால், அப்பாவுக்கு வயதாகிவிட்டது, கேட்க மாட்டார்கள் என்று இருந்துவிடாதீர்கள். டெக்சாஸில் 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு உரிமம் தேவையில்லை. இன்னொரு வசதியும் உங்கள் மாநிலத்தில் இருக்கிறது: டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து மீன் பிடிப்பவருக்கு, எந்த வயதானாலும், உரிமம் வேண்டாம். எத்தனை மீன், எந்த அளவு என்ற வரம்புகள் மட்டும் பொருந்தும். அப்பாவின் முதல் தூண்டிலை அங்கேயே போடலாமே.

கூட்டாட்சி அரசின் மூத்தோர் அட்டை 62 வயதான குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கும் உரியது. ஆண்டுக்கு 20 டாலர், ஆயுளுக்கும் 80 டாலர். அதை வைத்திருப்பவருக்குப் பொறியாளர் படையின் முகாம்களில் கட்டணம் பாதியாகும். கிரீன் கார்டு உள்ள பெற்றோருக்கு இது பெரிய உதவி, சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்குப் பொருந்தாது.

அப்பாவுக்கு ஏரியில் எங்கே போடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதியவர்கள் முடிந்தவரை தூரமாக வீசுவார்கள். ஆனால் உள்ளங்கை அளவுள்ள புளூகில் மீன் காலையிலும் மாலையிலும் கரையோரத்திலேயே, விழுந்த மரங்களின் நிழலிலும் படகு மேடையின் கால்களின் ஓரத்திலும் கூட்டமாக நிற்கும். அதன் வாய் மிகச் சிறியது. எனவே 8-ஆம் எண் முள்ளோ அதைவிடச் சிறியதோ போதும். முழு மண்புழுவைத் தொங்கவிட்டால் மீன் வாலைக் கடித்துத் தின்றுவிட்டுப் போய்விடும். விரல் கணு அளவுக்குக் கிள்ளி, முள்ளின் நுனி மறையும்படி கோத்துவிடுங்கள். சிறிய தக்கையை முள்ளுக்கு இரண்டு மூன்று அடி மேலே கட்டுங்கள். தக்கை துடிக்கும்போது பொறுத்திருந்து, அது பக்கவாட்டில் நகரும்போதோ அமிழும்போதோ மெல்ல இழுத்தால் போதும். பிள்ளைகளும் இந்த முறையில் விரைவில் கற்றுக்கொள்வார்கள். இருட்டிய பிறகு அதே இடத்தில் தக்கையைக் கழற்றிவிட்டு, தரையில் கிடக்கும்படி இரையைப் போட்டால் கெளுத்தி வரும். அதன் துடுப்பு முள் குத்தாமல் பிடிப்பது எப்படி என்பதை உங்கள் அப்பாவுக்கு யாரும் கற்றுத் தர வேண்டியிருக்காது.

கேள்வி: ஆர்.வி.க்குப் பின்னால் படகையும் இழுத்துச் செல்லலாமா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா? நீச்சல் தெரியாதவர்களும் உடன் வருகிறார்கள். (வாசகர், ஆஸ்டின்)

பதில்: வாடகை ஆர்.வி.யில் எதையும் இழுத்துச் செல்லக் கூடாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். முதல் பயணத்தில் பின்னால் படகைக் கட்டிக்கொண்டு சரிவில் பின்னோக்கி ஓட்டும் பாடும் வேண்டாம். ஏரியின் மரீனாவில் (படகுத் துறையில்) பாண்டூன் படகை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையான தளமும் சுற்றிலும் கம்பித் தடுப்பும் உள்ளதால் வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே ஏற்றது. டெக்சாஸில் 1993 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர், 15 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட படகை ஓட்டப் படகுக் கல்விச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும்.

படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவுக்கு ஏற்ற லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஓடும் படகில் 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. மாநிலம் வேறு வயதை வகுத்திருந்தால் அது பொருந்தும். ஆனால் பெரியவர்கள் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதைத்தான் எங்கும் பார்க்கிறோம். கடலோரக் காவல் படையின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஜாக்கெட் அணியாதவர்களாகவே இருக்கிறார்கள். தண்ணீரில் விழுந்த பிறகு அதை எடுத்து மாட்டிக்கொள்ள எவராலும் முடியாது. உங்கள் குடும்பத்தில் எல்லோரும், நீச்சல் தெரிந்தவர்களும், கரையிலேயே அணிந்துகொண்டு ஏறுங்கள். ஓட்டுபவர், எஞ்சினை நிறுத்தும் சுவிட்சின் கயிற்றைத் தன் உடலோடு இணைத்துக்கொள்ள வேண்டும். 26 அடிக்குக் குறைவான படகுகளில் இது 2021 ஏப்ரல் 1 முதல் விதியாகவே இருக்கிறது.

நம்மில் பலர் கேள்விப்படாத ஓர் ஆபத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மின் இணைப்பு உள்ள படகு மேடைகளின் அருகே பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். மேடையிலோ, அங்கே கட்டியிருக்கும் படகிலோ வயரிங் பழுதாகி மின்சாரம் தண்ணீரில் கசியக்கூடும். நன்னீரைவிட மனித உடல் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால், சிறு கசிவும் உடல் வழியே பாய்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். நீந்துபவர் சத்தமின்றி மூழ்கிவிடுவார். காப்பாற்றக் குதிப்பவருக்கும் அதே கதிதான். தண்ணீரில் உடல் கூசுவதாக யாராவது சொன்னால், மேடையைப் பிடிக்க வராமல் அதைவிட்டு விலகி நீந்தச் சொல்லுங்கள். மின்சாரத்தை உடனே துண்டியுங்கள், மிதவையை வீசுங்கள், நீங்கள் இறங்காதீர்கள். அதுபோலவே எஞ்சின் ஓடும்போது படகின் பின்விளிம்பில் யாரும் உட்காரக் கூடாது. கார்பன் மோனாக்சைடு அங்கேதான் தேங்கும், அதற்கு வாசனையும் இல்லை.

கேள்வி: பிடித்த மீனை அங்கேயே சமைத்துச் சாப்பிடலாமா? என் மனைவி கருவுற்றிருக்கிறார். (வாசகர், சிகாகோ)

பதில்: சாப்பிடலாம், ஆனால் அந்த ஏரிக்கு மாநிலம் வெளியிட்டிருக்கும் மீன் உணவு எச்சரிக்கையை முதலில் பாருங்கள். பாதரசம் சிறு மீனிலிருந்து அதைத் தின்னும் பெரிய மீனுக்குச் சேர்ந்துகொண்டே போகிறது. ஆகவே வயது முதிர்ந்த பெரிய பாஸ், வால்ஐ (walleye) ஆகிய மீன்களில் அது மிகுதி, சிறிய புளூகில்லில் குறைவு. பாதரசம் தசையில் படிவதால் எப்படிச் சமைத்தாலும் போகாது. எச்சரிக்கை எதுவும் வெளியிடப்படாத நீர்நிலை என்றால், அந்த வாரத்தில் ஒரு வேளை மட்டும் அந்த மீனை உண்டு, வேறு மீனைத் தவிர்ப்பதே அரசு அமைப்புகளின் அறிவுரை. உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சிறிய மீன்களையே கொடுங்கள், பெரிய மீனைத் திரும்ப விட்டுவிடுங்கள்.

மீனைக் குடிநீர்க் குழாயடியில் ஆயாமல், அதற்கென்று உள்ள மேடையில் ஆயுங்கள். நீள வரம்பு உள்ள மீனைக் கரைக்கு வரும் முன் வெட்டக் கூடாது. வறுவலை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வண்டியின் மெத்தையில் ஏறிய மீன் வாடைக்குத் தனியாகக் கட்டணம் வசூலிப்பவர்கள் உண்டு.

கேள்வி: வீட்டில் இருக்கும் விறகை எடுத்துச் செல்லலாமா? (வாசகர், பிட்ஸ்பர்க்)

பதில்: வேண்டாம். 2002-இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட எமரால்டு ஆஷ் போரர் வண்டு, விறகோடு சேர்ந்தே பல மாநிலங்களுக்குப் பரவி ஆஷ் மரங்களை அழித்தது. முகாமின் அருகிலேயே வாங்கி அங்கேயே எரித்து முடியுங்கள்.

கேள்வி: காற்றடைக்கும் கயாக் (சிறு துடுப்புப் படகு) வைத்திருக்கிறோம். ஒரே பயணத்தில் இரண்டு மூன்று ஏரிகளில் விடலாமா? (வாசகி, டென்டன்)

பதில்: விடலாம், ஒவ்வொரு ஏரிக்கும் இடையே சுத்தம் செய்து, நீரை வடித்து, உலர்த்திவிட வேண்டும். வரிக்குதிரைச் சிப்பி எனப்படும் ஸீப்ரா மஸல், டெக்சாஸில் முதன்முதலாக 2009-இல் டெக்ஸோமா ஏரியில் காணப்பட்டது. பிறகு படகுகளில் ஒட்டிக்கொண்டு வேறு ஏரிகளுக்கும் சென்றுவிட்டது. அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாதவை, கயாக்கின் மடிப்புகளில் தங்கும் சிறிதளவு ஈரமே அவற்றுக்குப் போதும். டெக்சாஸில் பொது நீர்நிலையை விட்டுக் கிளம்பும்போது படகில் உள்ள நீரை முழுவதும் வடிக்க வேண்டும் என்பது சட்டம், கயாக்குக்கும் அது பொருந்தும். காற்றை இறக்குவதற்கு முன் கயாக்கைக் கவிழ்த்துப் போட்டு, தையல் ஓரங்களையும் இருக்கைக்கு அடியிலும் துணியால் துடைத்து, வெயிலில் காயவிடுங்கள். துடுப்பையும் லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளையும் மறந்துவிடாதீர்கள். ஒரு ஏரியின் நீரில் வைத்திருந்த உயிருள்ள இரை மீன்களை அடுத்த ஏரிக்கு எடுத்துச் செல்லாமல், அங்கே போய்ப் புதிதாக வாங்குங்கள்.